மோசடிப் பயனாளி

அபிதகுஜாம்பாளை ஏமாற்றியவர்கள் ஒரே மத்தியானத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். அவளைக் காப்பாற்ற வந்தவர்கள்தான் கழுத்தை விட்டு இறங்குவேனா என்றார்கள்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திருவண்ணாமலை அம்மன் பெயர், அவள் அப்பா ஆசையாக வைத்தது. ஆசை அவரோடு சரி. ஆதாரில் ‘அபிதா குஜம்பல்’ என்றும், ரேஷன் கார்டில் ‘அபிதகுசம்மாள்’ என்றும், பேங்க் பாஸ்புக்கில் இடம் போதாமல் ‘அபிதகு’ என்றும் அது சின்னாபின்னமாகிக் கிடந்தது. பம்மலில் அவள் தமிழ் நடத்திய தனியார் பள்ளியில் ‘அபிதா மிஸ்’ என்று வெட்டிவிட்டார்கள். நாமும் அபிதா என்றே வைத்துக்கொள்வோம், வேறு வழியில்லை.

தமிழ் பீரியடு என்றால் பிள்ளைகளுக்கு இளப்பம். கத்திக் கத்தி அவள் தொண்டையில் முடிச்சு விழுந்தது. "இனிமே சத்தமாப் பேசினீங்கன்னா குரலே போயிடும்மா" என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் ஒரு சால்வையைப் போர்த்தி, போட்டோ எடுத்து, மறு மாதமே வேறு ஆள் போட்டுக்கொண்டது. பொழிச்சலூர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை ஏதாவது கிடைக்காதா என்று போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வெறும் சம்பளச் சமாச்சாரமில்லை. பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவள், ‘வீட்ல சும்மாத்தான் இருக்கீங்களா?’ என்று எதிர்வீட்டுக்காரி கேட்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தாள்.

அப்போதுதான் அந்த வாட்ஸப் செய்தி வந்தது. ‘மதிப்பிற்குரிய திருமதி அபிதகுஜாம்பாள் அவர்களுக்கு, வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை.’ குறில் குறிலாக, நெடில் நெடிலாக, எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பேரை ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் திருடனாக இருப்பானா? இப்படியெல்லாம் யோசித்து ஏமாற ஒரு தமிழ் டீச்சரால்தான் முடியும். பயிற்சிக் கட்டணம் கட்டினாள், ஆதார் காப்பி அனுப்பினாள், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு அதையும் அனுப்பினாள். சாயங்காலம் ‘ஐடி ஆக்டிவேஷன் கட்டணம்’ என்று இன்னொன்று கேட்டபோதுதான் புத்தி வந்தது. தலையில் நாலு முறை அடித்துக்கொண்டு எழுந்துபோய்க் குக்கர் வைத்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவளுக்கு நிஜமாகவே ஒரு வேலை கிடைத்துத் தொலைத்தது.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஸ்ரீரங்கன் என்பவர் பள்ளிக்கூடங்களுக்குக் கைடு அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே பிழை திருத்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நேரில் போனாள். இரண்டு பக்கம் கொடுத்தார். சிவப்பு மையில் திருத்தி நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஒற்று எனக்கே தெரியலையேம்மா. ஒண்ணாம் தேதிலேர்ந்து புரூஃப் அனுப்பறேன், வச்சுக்கோங்க."

"டெபாசிட் எவ்வளவு சார்?" என்று கிசுகிசுத்தாள். அவள் குரல் அவ்வளவுதான் வரும்.

"எதுக்கு டெபாசிட்?"

அவர் ஒன்றும் கேட்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு அசடு வழிய நடந்ததைச் சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

"ஆதாரும் கையெழுத்தும் அவங்க கையில இருக்கா? ஒரு புகார் குடுத்து வச்சிடுங்கம்மா. உங்க பேர்ல எவனாவது எதையாவது பண்ணா அப்புறம் பேஜார். தாம்பரத்துல இதுக்குன்னே ஒரு மையம் இருக்காம். அப்புறம், சம்பளம் பேங்க்லதான் போடுவேன். கையில காசா குடுக்க ஆடிட்டர் விடமாட்டார்."

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே, கட்டடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக போர்டு ஓடியது: ‘இணையவழி இல்லப்பணி மோசடி விழிப்புணர்வு, மீட்பு மற்றும் மேம்பாட்டு மையம்’. எதை மேம்படுத்துகிறார்கள், மோசடியையா என்று அபிதா கீழே நின்று யோசித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் உதயா அவளை யோசிக்க விடவில்லை.

"இன்னா மேடம், ஏமாந்துட்டியா? ஆதார் மூணு காப்பி, பாஸ்புக் மூணு காப்பி, போட்டோ எல்லாம் இங்கியே எட்த்துகினு போ. மேல போய்ட்டு மறுக்கா எறங்கி வரணும், இன்னாத்துக்குக் கஷ்டம்?"

"என் ஆதார் கண்டவங்ககிட்ட போயிடுச்சுன்னுதான் புகார் குடுக்கவே வந்திருக்கேன்."

"கண்டவனுக்குக் குட்த்தே இல்ல? இவுங்களுக்கும் குடு. இன்னா இப்ப?"

மேலே போனதும் யாரும் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. முதலில் விழிப்புணர்வுப் படம் போட்டார்கள். பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, வலது கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி வாசித்தார்கள். "முன்பணம் கேட்கும் எவரையும் நம்பேன்! ஓடிபி எண்ணை எவருக்கும் உரையேன்! அவசரப்படுத்துவோருக்கு அடிபணியேன்! ஆவண நகல்களை அறியாதோர்க்கு அளியேன்!" என்று ஹாலே அதிர்ந்தது. அபிதா உதட்டை மட்டும் அசைத்தாள்.

கையைக் கீழே இறக்கிக் கவுன்டருக்குப் போனால், அங்கே ஜோவிதா என்ற சின்னப் பெண் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"பதிவுக் கட்டணம் முதல்ல கட்டிடுங்க மேடம். மூணு காப்பியும் இங்க வைங்க. சீக்கிரம் மேடம், சர்வர் போயிடும். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"இப்பதானேம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கை நீட்டினோம்?"

"அது அவங்ககிட்ட மேடம். எங்ககிட்ட சொல்லலாம்."

"நீங்க அவங்க இல்லைன்னு எப்படித் தெரியும்?"

ஜோவிதாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "வெளியில போர்டு இருக்கே மேடம்!"

பிறகு ஒரு அட்டைச் சட்டத்துக்குள் அபிதாவின் முகத்தை நுழைக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சட்டத்தின் மேல்பக்கம் ‘ஏமாந்தேன்!’, கீழ்ப்பக்கம் ‘விழித்தேன்!’. சிரிக்கச் சொன்னார்கள். ஏமாந்ததற்கு எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்க நினைத்தாள், தொண்டை வலித்தது, சிரித்துவைத்தாள். கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். ‘திருமதி அபிதா குஜ்ஜம்பால், மோசடிப் பயனாளி.’

பெயரைக்கூட விட்டுவிட்டாள், பழகியதுதானே. அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்ததும் டீச்சருக்குக் கை பரபரத்தது.

"பயனாளின்னா பயன் அடைஞ்சவங்கம்மா. நான் ஏமாந்தவ. இதைப் படிச்சா மோசடியால லாபம் பாத்தவன்னு ஆயிடுமே."

ஜோவிதா அவளை உள்ளே தலைமை விழிப்புணர்வு அலுவலர் அச்சுதனிடம் அனுப்பினாள். அச்சுதனுக்குப் பின்னால் சுவர் நிறைய அவர் படங்கள்: அவர் ரிப்பன் வெட்டுகிறார், மரம் நடுகிறார், கேக் வெட்டுகிறார். அபிதா ஒரு வாக்கியம் கிசுகிசுப்பதற்குள் அவர் மைக் கிடைத்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"உக்காருங்க மேடம். இந்த மையத்தோட படி ஏறி வர்ற ஒவ்வொருத்தரும் பயனாளிதான். ‘பாதிக்கப்பட்டவர்’னு போட்டா நெகட்டிவ்வா இருக்கும். மேலிடத்துல கேப்பாங்க, என்னப்பா உங்க மையத்துக்கு வர்றவங்க எல்லாம் பாதிக்கப்பட்டிருக்காங்கன்னு. நாங்க ஆரம்பிச்சப்போ மாசத்துக்கு நாலு பேர்தான் ஏமாந்துகிட்டிருந்தாங்க. இன்னிக்கு நானூறு பேர்! இந்த வளர்ச்சி சும்மா வந்ததில்ல மேடம். அடுத்த வருஷம் படப்பையில ஒரு கிளை திறக்கறோம். ஜனங்க இதே மாதிரி ஒத்துழைப்பு குடுத்தா, ஏமாறாத தெருவே இல்லைன்னு ஆக்கிக் காட்டுவேன்."

"ஏமாத்தினவங்களைப் பிடிப்பீங்களா சார்?"

"அது வேற துறை. நாங்க விழிப்புணர்வு."

சான்றிதழின் ஒரு பிரதி தானாகவே பேங்குக்குப் போயிருந்தது. அடுத்த வாரம் அபிதா பாஸ்புக்கை என்ட்ரி போடக் கொண்டுபோனபோது, கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். பேங்க் அதிகாரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மோசடியில பயன் அடைஞ்சவங்க கணக்கை முடக்கணும்னு ரூல் மேடம். நீங்களே போய்க் கையெழுத்துப் போட்டுப் பயனாளின்னு பதிஞ்சிருக்கீங்க. இவ்வளவு நேர்மையான ஆளை நாங்க பாத்ததில்ல."

"நான் ஏமாந்து போனவம்மா!"

"அப்போ அந்த வார்த்தையை மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க."

ஒண்ணாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்கு இல்லையென்றால் சம்பளம் இல்லை, சம்பளம் போட முடியாதென்றால் ஸ்ரீரங்கனிடம் வேலை இல்லை. மறுபடியும் தாம்பரம். மறுபடியும் படம், உறுதிமொழி, நீட்டிய கை. ஜோவிதா அதே சிரித்த முகத்தோடு ஒரு புதுப் படிவம் எடுத்தாள்.

"பயனடையாமைச் சான்று வேணும் மேடம். உங்களுக்குப் பயன் குடுத்திருக்கக்கூடிய நிறுவனம்தான் அதைத் தரணும். அவங்க லெட்டர்ஹெட்ல, சீல் வச்சு."

"அவங்க திருடங்கம்மா!"

"இருக்கட்டும் மேடம். லெட்டர்ஹெட் இருக்குமில்ல?"

ஐயோ, அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது! தன்னை ஏமாற்றியவனிடமே போய், ‘நீ எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடு’ என்று நிற்க வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு அந்த வாட்ஸப் எண்ணுக்கு எழுதினாள். அவள் ஸ்வீட் ஸ்டால் வாசலுக்கு இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. பளபளக்கும் லெட்டர்ஹெட், வட்டச் சீல், இரண்டு கையெழுத்து. ‘திருமதி அபிதகுஜாம்பாள் அவர்கள் எங்கள் நிறுவனத்திடமிருந்து எவ்விதப் பயனும் இதுநாள்வரை அடையவில்லை என்றும், இனியும் அடைய வாய்ப்பில்லை என்றும் உறுதியளிக்கிறோம்.’ பெயரில் பிழை இல்லை. கட்டணம் எவ்வளவு என்று அவள் கேட்டதற்கு, ‘பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவசம்’ என்றார்கள்.

உதயாவிடம் பிரிண்ட் எடுத்து மேலே கொண்டுபோனாள். அச்சுதன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்தார்.

"பாத்தியா ஜோவிதா? இதைத்தான் நான் தலைப்பாடா அடிச்சுக்கறேன். ப்ரொஃபஷனலிசம்! கேட்ட உடனே குடுத்திருக்கான் பாரு."

‘பயன் அடையவில்லை என்பது நிரூபணமானதால், பயன் என்னும் சொல் நீக்கப்படுகிறது’ என்று அவரே பச்சை மையில் உத்தரவு எழுதினார். அபிதா கைகூப்பினாள். சான்றிதழ் திருத்தி வந்தது. ‘பயனாளி’யில் ‘பயன்’ போய்விட்டிருந்தது.

‘திருமதி அபிதா குஜ்ஜம்பால், மோசடி ஆள்.’

"பயனை எடுத்தா ‘ஆளி’ன்னு நின்னுது மேடம்" என்றாள் ஜோவிதா, உபகாரம் செய்த பெருமையோடு. "கூகுள்ல போட்டா ஏதோ விதைன்னு வருது. உங்களை விதைன்னு எப்படிப் போடறதுன்னு, நானே ‘ஆள்’னு மாத்திட்டேன்."

அபிதா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

இதையும் திருத்த வேண்டுமென்றால் விழிப்புணர்வு வாரம் முடியட்டும் என்றார்கள். வாரம் தொடங்கியது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை சுவரெல்லாம் போஸ்டர். மேலே ‘எச்சரிக்கை!’, நடுவில் அட்டைச் சட்டத்துக்குள் சிரிக்கும் அபிதா, அவளுக்குக் கீழே ‘அபிதா குஜ்ஜம்பால், மோசடி ஆள்’. அதற்கும் கீழே, அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கைகூப்பியபடி அச்சுதன். பொழிச்சலூர் காய்கறிக் கடையில் அவள் முருங்கைக்காய் பொறுக்கும்போது கடைக்காரர் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரி இப்போது ‘சும்மாத்தான் இருக்கீங்களா?’ என்று கேட்பதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஒண்ணாம் தேதி காலையில் ஸ்ரீரங்கன் போன் செய்தார்.

"போஸ்டரைப் பாத்தேம்மா. நான் உங்களை நம்பறேன், சத்தியமா நம்பறேன். ஆனா நான் ஸ்கூலுக்குப் புஸ்தகம் விக்கிறவன். ஹெட்மாஸ்டருங்க எல்லாம் குரோம்பேட்டை ஸ்டேஷன் வழியாத்தான் வர்றாங்க. அக்கவுன்ட்டும் இல்லைங்கறீங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, வேற ஆள் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு அழுதாள். சத்தமில்லாமல்தான் அழ முடிந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே போன் மினுக்கியது.

‘மதிப்பிற்குரிய திருமதி அபிதகுஜாம்பாள் அவர்களுக்கு, குரோம்பேட்டையில் தங்கள் போஸ்டரைக் கண்டோம். பெயரைப் பிழையாக அச்சிட்டிருப்பது வருத்தமளிக்கிறது. பிழையற்ற தமிழில் எங்கள் செய்திகளை எழுதித் தர அனுபவமுள்ளவர் தேவை. வீட்டிலிருந்தே வேலை. முன்பணம் இல்லை. ஆவணம் தேவையில்லை. பேங்க் கணக்கும் தேவையில்லை. நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.’

அவள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு நேரே தாம்பரம் போனாள். அனுப்பியவர் யார் என்று சொல்லாமல் அச்சுதன் முன்னால் வைத்தாள்.

"சார், இது நல்ல வேலையான்னு பாத்துச் சொல்லுங்க."

அச்சுதன் மையத்தின் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "முன்பணம் கேக்கல. ஓடிபி கேக்கல. அவசரப்படுத்தல. ஆவணம் கேக்கல. பேர்கூட ஏதோ முழுசா மரியாதையாப் போட்டிருக்கான். மேடம், நூத்துக்கு நூறு ஜென்யூன்! கண்ணை மூடிக்கிட்டுச் சேர்ந்துடுங்க. எங்க மையத்தோட வழிகாட்டுதல்ல வேலை கிடைச்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, வருஷ அறிக்கையில போட்டுக்குவேன்."

"என்னை ஏமாத்தினாங்களே, அவங்கதான் சார் இவங்க."

அச்சுதன் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படியா? அப்போ சேர்ந்து, ஏமாந்துட்டு வாங்க. ஏமாறதுக்கு முன்னாடி நாங்க புகார் எடுக்கறதில்ல. அப்புறம் பயனாளிக் கணக்குல எப்படிக் காட்டறது?"

அபிதா போனை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து அந்த வாட்ஸப் எண்ணை பிளாக் செய்தாள். அப்படியே மையத்தின் எண்ணையும் பிளாக் செய்தாள். உதயா கடையில் ஒரு தடித்த சிவப்பு மார்க்கர் வாங்கினாள்.

"இன்னா மேடம், புது ஃபாரமா?" என்றார் உதயா.

"இல்ல. பழசுதான். திருத்தணும்."

குரோம்பேட்டை ஸ்டேஷனை ஒட்டிய சுவருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ‘அபிதா குஜ்ஜம்பால்’ என்பதை அடித்து, மேலே முத்து முத்தாக ‘அபிதகுஜாம்பாள்’ என்று எழுதினாள். பிறகு ‘மோசடி ஆள்’ என்ற இரண்டு வார்த்தையையும் சுற்றி ஒரு வளையம் போட்டாள். வளையத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே வந்து, கைகூப்பி நிற்கும் அச்சுதனின் படத்துக்குக் கீழே அம்புக்குறி வைத்து முடித்தாள். ஓரத்தில், பிழை திருத்துகிறவர்கள் எழுதுகிற மாதிரியே, ‘இடம் மாற்றுக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன மேடம் பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் நின்றது.

"பிழை திருத்தறேன்" என்றாள் அபிதா. அந்தக் குரலைக் கேட்க எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள், பிறகு இன்னொருவர், பிறகு நாலைந்து பேர். ஒரு கல்லூரிப் பெண் போட்டோ எடுத்தாள். அபிதா அடுத்த போஸ்டருக்கு நகர்ந்தாள்.

மார்க்கர் தீருவதற்குள் பல்லாவரம் வந்துவிட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்ரீரங்கன்.

"ஸ்டேஷன்லேர்ந்துதான் பேசறேன். அந்த அம்புக்குறி உங்க கைதானே?"

"ஆமாம் சார்."

அந்தப் பக்கம் ஒரு ரயில் கடந்துபோனது.

"இடம் மாத்தினதெல்லாம் சரிதாம்மா. ஆனா ‘மோசடி ஆள்’னு பிரிச்சே விட்டுட்டீங்களே. சேர்த்து ‘மோசடியாள்’னு வரணும். சம்பளத்துக்கு என்ன வழின்னு ஆடிட்டரை நான் பாத்துக்கறேன். நாளைக்குப் புரூஃப் வரும், இந்த மாதிரி எல்லாம் விட்டுடாதீங்க."